நடுவில் இருந்தவள்

வீட்டை மந்திரிக்க வந்த பங்குச் சுவாமியார் தீர்த்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்துவிட்டார். ஓடித் திரிந்த பிள்ளைகளை அதட்டி ஒரு பக்கமாக நிறுத்தியாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் என் கண் சுவருக்குப் போனது.

மொன்றியல் பியர்பொன்ட்ஸில் என் தங்கச்சி ஜெசிந்தா வாங்கிய புது வீட்டின் ஹோல். புதுப் பெயின்ற் மணமும் அடுப்படியிலிருந்து வந்த கட்லட் மணமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. சோபாவுக்கு மேலே, நட்டநடுவில், அந்தப் படம்.

இரவு. ஆறு. ஒரு படகு. இடது பக்கம் மூத்த அரசகுமாரி, வலது பக்கம் இளைய அரசகுமாரி. அந்த இரண்டு பேரையும் நான் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். காதில் என்ன தோடு, சேலைக் கரையில் என்ன பூ என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஆனால் இந்தப் படத்தில், இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொருத்தி இருந்தாள்.

மெலிந்த பெண். மடியில் ஒரு சிறு விளக்கு. அக்காவின் கை அவளுடைய ஒரு தோளில், தங்கச்சியின் கை மற்றத் தோளில். ஏதோ தன் சொந்த வீட்டில் இருப்பது போல வசதியாக இருந்தாள்.

“உவள் ஆர்?” என்றேன்.

மெதுவாகக் கேட்டதாகத்தான் நினைத்தேன். சுவாமியார் உட்பட எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தைத்து மூடின இடம்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் லாசால் வீட்டுக் கூரை ஒழுகிய கதையை எழுதியிருந்தேன். ஒழுக்கு நின்றதா என்று கடைத்தெருவில் கண்டவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நின்றுவிட்டது. ஆனாலும் வானம் இருட்டினால் இன்றைக்கும் வாளியை எடுத்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். நான் அப்படியான ஆள். அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

நாங்கள் மன்னார்ப் பக்கம். எங்கள் அம்மாவுக்கு வாரப் பத்திரிகைகளில் வரும் சரித்திரத் தொடர்கதை என்றால் உயிர். அந்தக் காலத்தில் பலரும் செய்தது போல, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வாராவாரம் கிழித்தெடுத்துச் சேர்த்து வைப்பார். கதை முடிந்ததும் புத்தகம் கட்டுகிற கடைக்குப் போகும். அவர்கள் கிழிந்த ஓரங்களை வெட்டி நேராக்கி, ஊசியால் குத்தி இறுக்கித் தைத்து, சிவப்பு மட்டை போட்டுத் தருவார்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே தடித்த புத்தகம் அதுதான். வேதாகமம்கூட அதைவிட மெலிவு.

அந்தக் கதையில் ஒரு வாரம் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே பெரிய படம் போட்டிருந்தார்கள். எதிரிகளிடமிருந்து தப்பி, இரவோடு இரவாக ஆற்றைக் கடக்கும் அரசகுமாரிகள். அக்கா ஒரு பக்கத்தில், தங்கச்சி மறுபக்கத்தில். இரண்டு பேரும் கையை நடுவுக்கு நீட்டியிருப்பார்கள். அந்தக் கைகள் மணிக்கட்டுக்குக் கிட்டப் போனதும் தையலுக்குள் மறைந்துவிடும். எவ்வளவு விரித்துப் பார்த்தாலும் தெரியாது.

“உள்ளுக்கை என்ன அக்கா செய்யினம்?” என்று ஜெசி கேட்பாள். அப்போது அவள் சின்னப் பிள்ளை.

“கையைக் கோத்துப் பிடிச்சிருக்கினம்.”

“ஏன்?”

“தங்கச்சி தண்ணிக்குள்ளை விழுந்திடுவாள் எண்டு அக்காவுக்குப் பயம்.”

தையலுக்குக் கீழே, படகின் நடுவில், கறுப்பாக உருண்டையாக ஒன்று கொஞ்சம் வெளியே தெரிந்தது. அதை உடுப்பு மூட்டை என்று தீர்மானித்தோம். தப்பி ஓடுகிறவர்கள் மூட்டை இல்லாமலா போவார்கள்?

அம்மா முழுப் படத்தையும் பார்த்திருப்பார். நாங்கள் கேட்கவில்லை. கேட்கிற புத்தி வருவதற்குள் அம்மா நோயில் விழுந்துவிட்டார். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் நான் நின்றேன். ஜெசிக்குச் சீப்பால் தலை இழுத்து, சப்பாத்துக்கு வெள்ளை பூசி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுதான் என் படிப்பாகப் போனது. நான் மூத்த அரசகுமாரி, அவள் இளையவள். இதில் எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

குதிரையைத் திருப்பச் சொன்னவர்

மொன்றியலுக்கு நான் முதலில் வந்தேன். ஜெசி பேந்து வந்தாள். அந்தச் சிவப்பு மட்டைப் புத்தகம் அதற்கும் பிந்தி, ஒரு மச்சானின் பெட்டியில், கருவாட்டோடு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் சில பக்கங்களில் அந்த மணம் இருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வீடு வாங்கத் தொடங்கினார்கள். பெரிய பெரிய சுவர்கள். மாட்டுவதற்கு என்ன இருக்கிறது? திருஇருதய ஆண்டவர் ஒரு சுவர், கலியாணப் படம் ஒரு சுவர். மிச்சம் வெறுமை. அப்போது என் வீட்டுக்கு வந்த ஒருவர், நான் பொழுதுபோக்காகப் பெருப்பித்துக் கீறி வைத்திருந்த படகுப் படத்தைக் கண்டுவிட்டு, “ஐயோ, இது அந்தக் கதையெல்லோ!” என்று கண் கலங்கினார். அவருக்கு ஒன்று கீறிக் கொடுத்தேன். பிறகு அவருடைய மைத்துனருக்கு. பிறகு நிற்கவில்லை.

நான் கீறுகிற விதம் சுலபம். மூலப் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கட்டம் போடுவேன். கன்வஸில் அதே கட்டங்களைப் பெரிதாகப் போடுவேன். ஒரு கட்டத்தில் மூக்கு நுனி இருந்தால் இந்தக் கட்டத்திலும் மூக்கு நுனி. பள்ளிக்கூடம் பாதியில் விட்டவளுக்கும் கட்டம் எண்ணத் தெரியும்தானே. பத்திரிகையில் கறுப்புக் கோடு மட்டும்தான் இருக்கும். நிறம் முழுக்க என் விருப்பம்.

கேட்கிறவர்களின் விருப்பமும் உண்டு. பார்க் எக்ஸ்டென்ஷனில் கடை வைத்திருந்த ஒரு அண்ணை, குதிரையில் போகும் தளபதியைக் கேட்டார். கீறி முடித்துக் காட்டினால் முகத்தைச் சுளித்தார்.

“தங்கச்சி, குதிரை வாசலைப் பாத்தெல்லோ ஓடுது. லட்சுமி வெளியாலை போற மாதிரி. உள்ளுக்குப் பாத்துத் திருப்பி விடுங்கோ.”

திருப்பினேன். தளபதி இடது கையில் வாள் பிடித்தார். அண்ணைக்குப் பரம திருப்தி. இன்னொரு அம்மா, சிறையில் அழுகிற நாயகியின் கண்ணீரைத் துடைத்துவிடச் சொன்னார். ஹோலில் ஒரு பொம்பிளை அழுதுகொண்டு இருந்தால் வீட்டுக்கு ஆகாதாம். துடைத்தேன். சிறைக்குள் சும்மா சாய்ந்து இளைப்பாறுகிற நாயகி கிடைத்தாள்.

ஒவ்வொரு படமும் போன பிறகு எனக்கு நித்திரை வராது. ஆணி பிடிக்குமா? ரேடியேட்டர் சூட்டில் நிறம் வெடிக்குமா? கீழே இருக்கும் பிள்ளையின் தலையில் விழுமா? போன் எடுத்துக் கேட்பேன். என் கணவர் அன்ரன் சொல்லுவார், “படத்தோடை நீயும் போய்ச் சுவரிலை தொங்கு. அப்பதான் உனக்கு நிம்மதி.”

ஜெசி வீடு வாங்கினால் படகுப் படம்தான், என் கையால்தான் என்று எனக்குள் முடிவாகியிருந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமா அது?

கீறுவதும் வரைவதும்

அவள் வீடு வாங்கினாள். அடுத்த தெருவில் ரஞ்சனி இருந்தாள்.

ரஞ்சனி சென்னைக்காரி. இருவரின் பிள்ளைகளும் ஒரே கார்டெறியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில். ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவள். தூரிகைகள் வைக்கவென்று அவளிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. என்னுடையவை மாஜரின் டப்பாவில் நின்றன.

முதன்முதலில் கண்டபோதே ஜெசி என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்தினாள். “இது என்ரை அக்கா. நல்லாக் கீறுவா.”

ரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “கீறுவாங்களா? எங்க ஊர்ல பூனைதாங்க கீறும்!”

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் லாசால் வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

நல்ல பெண்தான். அதுதான் கரைச்சல். கூடாதவள் என்றால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆறியிருப்பேன். அவள் ஜெசியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வருவாள். நான் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் அங்கே ரசம் கொதித்து முடிந்திருக்கும். போன் எடுத்தால் லைன் பிஸி. கிடைத்தால் பின்னால் அவளுடைய சிரிப்பு.

ஒரு நாள் ஜெசி சொன்னாள், “அக்கா, ரஞ்சனி என்னை அக்கா எண்டு கூப்பிடுறாள். எனக்கு ஒரு தங்கச்சி கிடைச்சிட்டாள்.”

“ஓ. நல்லது,” என்றேன். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது.

அதைவிட மோசமானது ஒரு சொல். போனில் வேறு என்னவோ கதைத்துக்கொண்டிருந்தபோது ஜெசி சர்வசாதாரணமாக, “ரஞ்சனி எங்கட ஹோலுக்கு ஒரு படம் வரைஞ்சுகொண்டிருக்கிறாள்” என்றாள்.

வரைஞ்சு! என் வாயிலிருந்து கதைக்கப் பழகிய பிள்ளை. பிறந்ததிலிருந்து கீறு என்றே சொன்னவள், கீறித் தா என்று என் பாவாடையைப் பிடித்து இழுத்தவள். ஒரு குளிர்காலத்துக்குள் வரையப் பழகிவிட்டாள்.

“என்ன படம்?” என்று கேட்டேன்.

“வந்து பார், சொல்லமாட்டன்.”

வீடு மந்திரித்த நாள்

இப்போது மறுபடி ஹோலுக்கு வாருங்கள். நான் “உவள் ஆர்?” என்று கேட்டுவிட்டேன். சுவாமியார் பாத்திரத்தோடு நிற்கிறார்.

முதலில் நான் கண்டது அந்தப் படத்தின் தண்ணீரைத்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தண்ணீர் ஈரமாக இருந்தது. விளக்கின் வெளிச்சம் அதற்குள் விழுந்து உடைந்து கிடந்தது. நான் எத்தனையோ படகு கீறியிருக்கிறேன். என் தண்ணீர் எல்லாம் மழைக்கு விரிக்கிற நீலப் படங்குதான். அதற்குப் பிறகுதான் நடுவில் இருந்தவள் கண்ணில் பட்டாள். பட்டதும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பிழை கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா!

“இந்தப் படத்திலை ரெண்டு பேர்தான்,” என்றேன். “அக்காவும் தங்கச்சியும். மூண்டாவது ஆள் இல்லை. ஜெசி, உனக்குத் தெரியாதே? நீயாவது சொல்லியிருக்கலாமே.”

ஜெசி படத்தைப் பார்த்தாள். “நானும் யோசிச்சனான்தான் அக்கா…”

“யோசிச்சனியோ? கையைக் கோத்திருக்க வேண்டிய இடத்திலை ஒருத்தி வந்து இருக்கிறாள்! பாருங்கோ சுவாமி, மூக்குத்தியைப் பாருங்கோ. ரஞ்சனியின்ரை அதே மூக்குத்தி. தன்னைத்தானே கொண்டுவந்து நடுவிலை இருத்தியிருக்கிறா!”

யாரோ “அம்மாடி” என்றார்கள். அன்ரன் என் முழங்கையைப் பிடித்தார். நான் விடுவித்துக்கொண்டேன்.

சுவாமியார், “பிள்ளை, நான் இப்ப தீர்த்தம் தெளிக்கிறதோ, இல்லாட்டி உந்த வழக்கு முடியட்டுமோ?” என்றார்.

“தெளிக்காதேங்கோ சுவாமி, பெயின்றிலை படும்!” என்று என் வாய் தன்பாட்டில் சொன்னது. எந்த ஆத்திரத்திலும் அந்தப் பயம் மட்டும் என்னை விட்டுப் போகாது.

ரஞ்சனியின் முகம் சிவந்துபோய் இருந்தது. ஆனால் அவள் சத்தம் போடவில்லை. “இல்லீங்க, ஒரிஜினல்லயே இருக்காங்க,” என்றாள். சோபாவில் ஏறி, படத்தைக் கழற்றித் திருப்பினாள். எதைப் பார்த்து வரைந்தாளோ அதன் நகலைப் பின்பக்கத்தில் ஒட்டி வைப்பது அவள் வழக்கமாம். “சென்னைல எங்க மாமா வீட்ல அந்தப் பத்திரிகை அப்படியே இருக்கு. பைண்டு பண்ணல. ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னேன்.”

குனிந்து பார்த்தேன். கறுப்புக் கோட்டில், இரண்டு பக்கமும் சேர்ந்த முழுப் படம். அக்கா. தங்கச்சி. நடுவில் மடியில் விளக்கோடு அரசகுமாரிகளின் தோழி. மூக்குத்தியும் இருந்தது.

மன்னாரில் எங்களுக்குப் புத்தகம் கட்டித் தந்தவர் ஓரத்தை வெட்டியபோது அவளில் பாதியை வெட்டியிருக்கிறார். மிச்சத்தைத் தைத்திருக்கிறார்.

அன்ரன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். “அப்ப எங்கட வீட்டுப் படத்திலை இருக்கிற மூட்டை?”

ரஞ்சனி விரலால் தொட்டுக் காட்டினாள். “இது அவங்க முழங்கால்.”

ஹோல் முழுக்கச் சிரித்தது. சுவாமியாரும் சிரித்தார். மொன்றியலிலும் லவாலிலும் எத்தனை சுவர்களில் ஆளில்லாத முழங்கால் ஒன்று, பச்சைத் துணி சுற்றி, முடிச்சும் போட்டுத் தொங்குகிறது என்று நினைக்க எனக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்ல வேண்டுமா? சொன்னால் என்னவென்று சொல்வது?

நான் அடுப்படிக்குப் போனேன். முன்ஹோலில் தீர்த்தம் தெளிக்கிற செபம் தொடங்கியது.

மடித்த இடம்

செபம் முடிந்ததும் ஜெசி வந்தாள். கதவைச் சாத்தினாள்.

“உனக்கு என்ன விசரே அக்கா?”

“ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?” என்றேன். அதைத்தான் மாதக்கணக்காகக் கேட்காமல் வைத்திருந்தேன். “ஊரெல்லாம் கேட்டுது. நீ கேக்கேல்லை.”

“உன்னட்டை எப்பிடிக் கேக்கிறது? நீ கீறினா எனக்கு ஒவ்வொரு நாளும் போன் வரும். ஆணி பிடிக்குதோ, கீழை பிள்ளை நிக்குதோ, ஜன்னல் வெயில் படுதோ எண்டு. என்னாலை அந்தச் சோபாவிலை நிம்மதியா இருக்கேலுமே?”

அந்த நேரத்திலும், ரஞ்சனி கழற்றின படத்தைத் திருப்பி ஒழுங்காக மாட்டினாளா என்றுதான் ஒரு பக்கம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“அதோடை,” என்றாள் ஜெசி, “உன்ரை படம் என்னட்டை இருக்குத்தானே.”

“எந்தப் படம்?”

மேலே ஏறிப் போனாள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள் வைக்கும் பிளாஸ்டிக் உறையோடு வந்தாள். அதற்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். கோவில் கலண்டர் தாளின் பின்பக்கம். பென்சிலில் படகுப் படம். நான் வெளிநாடு புறப்பட்டபோது அவளுக்குக் கீறிக் கொடுத்தது. கொடுத்ததை நான் மறந்தே போயிருந்தேன். அவள் அதை மடித்து வைத்துக்கொண்டு எத்தனை இடம் மாறி, எத்தனை சோதனைச் சாவடி தாண்டி வந்திருக்கிறாள்.

அக்கா இருந்தாள். தங்கச்சி இருந்தாள். மடித்த இடம் நட்டநடுவில் போனது. அங்கே தாள் தேய்ந்து, பஞ்சாகி, பென்சில் முழுக்க அழிந்துவிட்டது. கைகள் இல்லை. மூட்டைகூட இல்லை.

ஜெசி அந்த வெள்ளையின் மேல் விரலை வைத்தாள்.

“இதைத் திருப்பிக் கீறித் தா,” என்றாள் ஜெசி.

வரைஞ்சு அல்ல. கீறி.

“நடுவிலை என்ன கீற?” என்று கேட்டேன். கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“ஏன், உனக்குத் தெரியாதே?” என்றாள். கட்லட் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு லாசால் திரும்பியதும் சிவப்பு மட்டைப் புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தை வாசித்தேன். தோழி அதில் கதைக்கிறாள். “அம்மா, விளக்கை அணைத்துவிடவா?” என்று கேட்கிறாள். எத்தனை தரம் நானே ஜெசிக்கு அதைச் சத்தமாக வாசித்திருக்கிறேன். அவள் எங்கே இருந்து கேட்கிறாள் என்று நாங்கள் ஒரு நாளும் யோசிக்கவில்லை. படகில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது.

புதுக் கன்வஸில் கட்டம் போட்டேன். நடுக் கட்டங்களுக்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டு எழும்பிப் போவேன். பிறகு வருவேன். அன்ரன் கடந்து போகும்போதெல்லாம், “என்ன, முழங்காலோ மூட்டையோ?” என்று கேட்பார்.

கைகளைத்தான் கீறினேன். கோத்த கைகள். சரியான படம் ரஞ்சனியிடம் இருக்கிறதே, அது போதும் உலகத்துக்கு. மூட்டையையும் விடவில்லை, முடிச்சோடு போட்டேன்.

அது ஜெசியின் படுக்கையறையில் தொங்குகிறது. ஹோலில் இல்லை. வருகிறவர்கள் முதலில் காண்பது ரஞ்சனியின் ஈரத் தண்ணீரைத்தான். ஒவ்வொரு தரமும் அந்தச் சோபாவைத் தாண்டி மாடிப்படி ஏறும்போது அந்தத் தண்ணீரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். மேலே போய் ஆணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குகிறேன். போன் பண்ணுவதில்லை.

ஒரு நாள் ரஞ்சனியும் மேலே வந்தாள். என் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். “பெரியக்கா, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு கீறித் தர்றீங்களா?”

கீறி என்றாள். ஜெசி சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

“பேந்து பாப்பம்,” என்றேன்.

பேந்து என்றால் எந்த நாள் என்று அவள் இன்னும் ஜெசியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.